மாசியில் ஏரியில் தூண்டில் போடலாமா?

கேள்வி: ‘‘செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அறுவடை முடிந்துவிட்டதால் மாசி, பங்குனியில் வேலை குறைவு. பள்ளியில் படிக்கும் மகனுக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுக்க ஆசை. ஏரியில் எந்த நேரத்தில், எந்த இரைக்கு மீன் படும்? யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? அம்பத்தூரிலும் ஆவடியிலும் உறவினர்கள் இருக்கிறார்கள். அங்குள்ள ஏரிகளிலும் பிடிக்கலாமா? பிடித்த மீனைச் சாப்பிடலாமா?’’

- பூந்தமல்லி வட்டார வாசகர்

பதில்: கடைசியாகக் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். தூண்டில் எங்கே போட்டாலும் மீன் படும். சாக்கடை கலக்கும் ஏரியில் இன்னும் சுலபமாகப் படும். அங்கே ஜிலேபி மீன் கொழுத்துக் கிடக்கும். மீன் இருக்கிறது என்பதால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

சென்னைக்கு மேற்கே உள்ள ஏரிகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். செம்பரம்பாக்கம், பூண்டி, புழல், சோழவரம் ஆகியவை சென்னைக்குக் குடிநீர் தருபவை. அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி பருத்திப்பட்டு ஏரிகள் ஒரு காலத்தில் பாசன ஏரிகளாக இருந்து, இன்று வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவை. கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளில் கழிவுநீர் கலக்கும் பிரச்னை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. பருத்திப்பட்டு ஏரி 2019-ல் நடைபாதை, படகு வசதியுடன் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. கரையில் நடக்கவும் பறவை பார்க்கவும் அது நல்ல இடம். ஆனால் கரை அழகானதாலேயே தண்ணீர் சுத்தமாகிவிடுவதில்லை.

இந்த இரண்டாவது வகை ஏரி மீனைப் பற்றி ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. ‘இரண்டு நாள் நல்ல தண்ணீரில் விட்டு வைத்தால் சரியாகிவிடும்’ என்பார்கள். அதில் பாதி உண்மை. மீனின் சேற்று வாடை நீலப்பச்சைப் பாசியில் உண்டாகும் ஒரு பொருளால் வருவது. சில நாட்கள் சுத்தமான நீரில் கிடந்தால் அது போய்விடும். சாக்கடை நீரின் கிருமிகள் நன்றாக வேகவைத்தால் சாகும். ஆனால் தொழிற்சாலைக் கழிவிலிருந்து உடம்பில் சேரும் ஈயம், காட்மியம், பாதரசம் போன்றவை இரண்டு நாளில் வெளியேறாது, கொதிக்கவைத்தாலும் போகாது. ஈயமும் காட்மியமும் செவுள், ஈரல், சிறுநீரகத்தில் அதிகம் தங்கும். தலையையும் குடலையும் நீக்கிவிட்டால் பாதிப்பு குறையும், தீராது. அடிச்சேற்றைக் கிளறித் தின்னும் கெளுத்தியிலும், மற்ற மீன்களைத் தின்று வளர்ந்த பெரிய விராலிலும் இவை கூடுதலாக இருக்கலாம். ஆகவே அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி ஏரிகளில் பிடிக்கும் மீன் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டவே வேண்டாம். மற்றவர்களும் தவிர்ப்பதே நல்லது. செவுளைத் திறக்கும்போது மண்ணெண்ணெய், பினாயில் வாடை வந்தால் பூனைக்குக்கூடப் போடாதீர்கள்.

இனி அனுமதி. செம்பரம்பாக்கம் ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. பூந்தமல்லி திருவள்ளூர் மாவட்டம் என்றாலும் ஏரி இருப்பது காஞ்சிபுரம் மாவட்டத்தில். எனவே விசாரிக்க வேண்டியது காஞ்சிபுரம் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில். அம்பத்தூர் 2018-லிருந்து சென்னை மாவட்டம், ஆவடி திருவள்ளூர் மாவட்டம். சிற்றூர் ஏரிகளுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை அரசுத் துறை ஏரிகள், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றிய ஏரிகள். மீன்பிடி உரிமை ஏலத்திலோ குத்தகையிலோ கூட்டுறவுச் சங்கத்திடமோ தனிநபரிடமோ இருந்தால், அவர்கள் சம்மதம் இல்லாமல் தூண்டில் போடக் கூடாது.

‘ஏரி மீன் தானாக வளர்ந்தது, யாருக்கும் சொந்தமில்லை’ என்று வாதாடுபவர்கள் உண்டு. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளியைச் சேர்ந்தவை. அவை ஓடும் வெள்ளத்தில்தான் முட்டையிடும். தேங்கிய ஏரி நீரில் பொதுவாக இனம் பெருகாது. நம் ஏரியில் 3 கிலோ கட்லா கிடைத்தால், அது யாரோ காசு கொடுத்துக் குஞ்சாக வாங்கி விட்டது என்றே பெரும்பாலும் அர்த்தம். விடியற்காலை 4 மணிக்குப் பரிசலில் போய் வலை எடுக்கும் குடும்பத்தின் வருமானம் அது. கெண்டை, கெளுத்தி, விரால், உளுவை, குறவை ஆகியவை தானாகப் பெருகுபவை. கரையிலிருந்து ஒற்றைத் தூண்டிலில் இவற்றைப் பிடிப்பதைக் குத்தகைதாரர்கள் பெரும்பாலும் தடுப்பதில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுவதே மரியாதை. குடிநீர் ஏரி என்பதால் மதகு, கலங்கல், தண்ணீர் எடுக்கும் கோபுரம் ஆகிய இடங்களின் பக்கம் போகவே வேண்டாம்.

தெற்கே மதுரை, சிவகங்கை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் இதே மாதங்களில்தான் மீன்பிடித் திருவிழா தொடங்கும். கண்மாயில் தண்ணீர் வற்றியதும் ஊர்ப் பெரியவர் துண்டை வீசுவார். ஊத்தாவோடும் கச்சா வலையோடும் ஊரே இறங்கும். பிடித்த மீனை விற்காமல் வீட்டில் சமைப்பார்கள். அதில் கவனிக்க வேண்டியது, துண்டு வீசும் நாள் வரை ஒருவரும் கண்மாயில் கை வைப்பதில்லை என்பது. சென்னைப் பக்கத்து ஏரிகளில் அப்படி ஊர்க் கட்டுப்பாடு எதுவும் மிஞ்சவில்லை. குத்தகைச் சீட்டு மட்டும்தான் இருக்கிறது.

மாசியில் மீன் ஏன் நன்றாகப் படுகிறது? வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரி தை வரை குளிர்ந்து கிடக்கும். குளிரில் கெண்டை வகைகள் இரை எடுப்பது குறைவு. மாசி வெயில் ஏறியதும் கரையோர ஆழமற்ற நீர் முதலில் சூடாகும். மீன் பசியோடு அங்கே வரும். அதே சமயம் நீர் பின்வாங்கத் தொடங்குவதால் புல்லிலும் கோரையிலும் பரவிக் கிடந்த மீன் ஒரு பக்கமாக ஒதுங்கும். மாசியில் சூரியன் ஏறிய பிறகு 7 மணியிலிருந்து 10 மணி வரையும், மாலை 4 மணியிலிருந்து இருட்டும் வரையும் நல்ல நேரம். பங்குனி நடுவில் இது மாறிவிடும். அப்போது விடிந்ததும் போட்டு 8 மணிக்குள் சுருட்டிக்கொள்வதே சரி.

செம்பரம்பாக்கத்துக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. 1983-ல் ஆந்திராவுடன் செய்துகொண்ட கிருஷ்ணா நீர் ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. தர வேண்டும்; அதில் 4 டி.எம்.சி. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான தவணை. கண்டலேறிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகப் பூண்டிக்கு வரும் நீர், இணைப்புக் கால்வாயில் இந்த ஏரிக்கும் திருப்பிவிடப்படுவது உண்டு. மற்ற ஏரிகள் வற்றிக்கொண்டிருக்கும்போது இது ஓரிரு அங்குலம் ஏறும். புதுத் தண்ணீர் வரும் முகத்தில் கெண்டையும் ரோகுவும் எதிர்நீச்சல் போட்டுக் கூடும். கால்வாய் ஓடுகிறது என்று தெரிந்த வாரத்தில், அந்தப் பக்கத்துக் கரை மற்ற இடங்களைவிட நன்றாக இருக்கும். கால்வாய்க்குள் மட்டும் இறங்கக் கூடாது.

பையனுக்குக் கற்றுக்கொடுக்க விலை உயர்ந்த ராடு எதுவும் வேண்டாம். 8 அடி மூங்கில் கழி, அதே நீள நரம்பு, சிறிய முள், மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை போதும். எடைக்கு ஈயத்துக்குப் பதிலாகச் சின்ன இரும்பு நட்டு கட்டுங்கள். அறுந்து விழுந்தால் குடிக்கிற தண்ணீரில்தான் கிடக்கப் போகிறது. கெண்டைக்கும் ஜிலேபிக்கும் மண்புழு அல்லது மைதா உருண்டை. கடலைப் பிண்ணாக்கையும் தவிட்டையும் பிசைந்து, கொஞ்சம் மைதா சேர்த்து உருட்டினால் ரோகு வரும். கெளுத்திக்கு மாலை மயங்கும் நேரமும் மண்புழுவும். ஜிலேபி தக்கையைச் சிறிது சிறிதாக நடுக்கும். கெண்டை வெடுக்கென்று பக்கவாட்டில் இழுக்கும். கெளுத்தி கடித்தால் தக்கை நேராக அமிழ்ந்து போகும். பத்து மீனுக்குள் பையனுக்கே இது தெரிந்துவிடும். நம் தண்ணீருக்கே பிறந்தது போலத் தோன்றும் ஜிலேபி, 1952-ல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். அதை எவ்வளவு பிடித்தாலும் ஏரிக்கு நஷ்டமில்லை.

கெளுத்தியைப் பிடித்தால் முதுகு முள்ளும் இரண்டு பக்க முள்ளும் விறைத்து நிற்கும். துணியால் தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடித்து முள்ளைக் கழற்ற வேண்டும். தேளி இன்னும் மோசம். அதன் முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும். அதன் பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

விரால் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மனக் கட்டுப்பாடு வேண்டும். ஆகாயத்தாமரை ஓரத்தில், தண்ணீர் மட்டத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கூட்டம் கொதிப்பது போலத் தெரிந்தால், அது விரால் குஞ்சுத் திரள். மழைக்காலத்தில் இது அதிகம். மற்ற மாதங்களிலும் காணலாம். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். எதைப் போட்டாலும் அவை பாய்ந்து கடிக்கும். அது பசியில் கடிப்பதில்லை, குஞ்சுக்கு ஆபத்து என்று விரட்டுவது. ரப்பர் தவளையை அந்தத் திரளின் நடுவே வீசிப் பெரிய விராலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. தாய் போன பிறகு அந்த ஆயிரக்கணக்கான குஞ்சுகளையும் கெண்டையும் உளுவையும் அரை நாளில் தின்று தீர்த்துவிடும். ஒரு விராலுக்காக அடுத்த வருஷத்து விரால் அத்தனையும் போகிறது. குஞ்சுத் திரளைக் கண்டால் தூண்டிலை எடுத்துக்கொண்டு 50 அடி தள்ளிப் போய்விடுங்கள். பையனுக்கு வேடிக்கை காட்டலாம். அதுவே நல்ல பாடம். உடம்பில் சிவந்த புண் உள்ள விரால் பட்டால், அது குளிர்காலத்தில் வரும் புண் நோயாக இருக்கலாம். அதை வேறு எந்தக் குட்டைக்கும் கொண்டு போகாதீர்கள்.

திரும்ப ஏரியில் விடக்கூடாத மீன்களும் உண்டு. எலும்புத் தகடு போர்த்தியது போன்ற கறுப்பு மீன், மீன் தொட்டிக் கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படுவது, சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் பெருகிவிட்டது. வீட்டுத் தொட்டியில் பெரிதாகிவிட்டது என்று பாவம் பார்த்து ஏரியில் விட்டதன் விளைவு இது. வலையைக் கிழிக்கும், கரையில் வளை தோண்டும். கறியும் பெரிதாகத் தேறாது. ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அப்படித்தான். மீசை நீண்ட, தலை தட்டையான இந்த மீனை வளர்க்க நாட்டில் 2000-லிருந்தே தடை இருக்கிறது. இவை பட்டால் கரையிலேயே கொன்று புதைத்துவிட வேண்டும்.

வெடி, மருந்து போட்டு மீன் பிடிப்பது 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். யாராவது செய்வதைக் கண்டால் காவல்துறைக்குச் சொல்லுங்கள். அறுந்த நரம்பு வலைகளைக் கண்டால் சுருட்டிக் கொண்டுவாருங்கள். நீர்க்காகம் சிக்கிச் சாவது அதில்தான்.

இன்னொன்று, மிக முக்கியம். நீர் வற்றி வரும்போது ஏரித் தரை சமமாகத் தெரியும். மண் எடுத்த பள்ளங்கள் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே இரண்டு ஆள் ஆழத்தில் இருக்கும். முள் மாட்டிக்கொண்டால் நரம்பை அறுத்துவிட்டு வாருங்கள். ஒரு ரூபாய் முள்ளை எடுக்க மகனைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

கேள்வி: ‘‘எங்கள் ஊர்க் குட்டையில் ஒரு வாரமாக விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே மிதக்கின்றன. வெயில் வந்ததும் சரியாகிவிடுகிறது. தண்ணீரில் யாராவது மருந்து கலந்திருப்பார்களா? பிடித்துச் சாப்பிடலாமா?’’

- ஆவடி வட்டார வாசகர்

பதில்: வெயில் வந்ததும் சரியாகிறது என்று எழுதியிருப்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. இது ஆக்சிஜன் பற்றாக்குறை. பச்சையாகப் பாசி பிடித்த நீரில், பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அந்தப் பாசியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. கெண்டை வகைகளுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நல்லது. 2-க்குக் கீழே போனால் திணறும். நீர் குறையும் மாசி, பங்குனியில் சாணமோ சாக்கடையோ கலந்தால் இது அடிக்கடி வரும். மேகமூட்டமான நாளுக்கு மறுநாள் விடியலில் மொத்தமாகச் சாகவும் கூடும்.

மருந்தா, மூச்சுத் திணறலா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. விராலும் குறவையும் பனையேறிக் கெண்டையும் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்கள். ஆக்சிஜன் குறைந்தால் கட்லாதான் முதலில் திணறும், விரால் அசையாது. விராலும் சேர்ந்து செத்துக் கிடந்தால், அதுவும் நடுப்பகலில் என்றால், விஷம் அல்லது ஆலைக் கழிவு என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது ஒரு மீனையும் எடுக்காமல், சுத்தமான பாட்டிலில் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள். மறுநாள் தண்ணீர் மாறிவிடும், அப்புறம் நிரூபிக்க முடியாது.

உங்கள் குட்டைக்கு இப்போது செய்ய வேண்டியது: தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். அதிகாலை 3 மணியிலிருந்து வெயில் ஏறும் வரை மோட்டார் போட்டுக் குட்டைத் தண்ணீரையே மேலே தூக்கித் தெளித்து விழச் செய்யுங்கள். நல்ல தண்ணீர் இருந்தால் சேருங்கள். கேட்டவர்கள் எல்லாம் சொல்வதுபோல உடனே சுண்ணாம்பைக் கொட்டாதீர்கள். பாசி மிகுந்த நீரில் பிற்பகலில் காரத்தன்மை ஏற்கனவே ஏறியிருக்கும். அதில் சுண்ணாம்பும் சேர்ந்தால் அம்மோனியா விஷமாகி மீதி மீனையும் கொன்றுவிடும். சாக்கடை கலக்காத குட்டை என்றால், பெரிய மீன்களை உயிரோடு பிடித்து விற்றுக் கூட்டத்தைக் குறைப்பது நல்லதே. செத்து மிதப்பதை விற்கக் கூடாது.

கேள்வி: ‘‘ஏரியில் விரால் குஞ்சுகள் கூட்டமாகத் திரிகின்றன. சல்லடையில் அள்ளி வந்து என் பண்ணைக்குட்டையில் விடலாமா? குட்டையில் ஏற்கனவே கட்லா, ரோகு விட்டிருக்கிறேன்.’’

- திருநின்றவூர் பகுதி வாசகர்

பதில்: வேண்டாம். அள்ளிய குஞ்சில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். பிழைத்தவை உயிர் இரைக்குப் பழகியவை. தவிட்டையும் பிண்ணாக்கையும் தொடாது. பசித்தால் ஒன்றையொன்று தின்னும், பிறகு கட்லாக் குஞ்சைத் தின்னும். தெலங்கானா தன் மாநில மீனாகவே வைத்துக்கொண்டிருக்கும் விராலுக்குச் சந்தை இருப்பது உண்மைதான். ஆனால் பொரிப்பகத்தில் தீவனத்துக்குப் பழக்கிய குஞ்சை வாங்கி, தனிக் குட்டையில், ஒரே அளவாகத் தரம் பிரித்து விட்டால்தான் லாபம் பார்க்க முடியும். தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மாதவரம் பண்ணையும் பொன்னேரி மீன்வளக் கல்லூரியும் உங்களுக்குப் பக்கம். போவதற்கு முன் குட்டையின் நீளம், அகலம், வைகாசியில் நிற்கும் தண்ணீரின் ஆழம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். காற்றூட்டும் கருவி இல்லாத குட்டையில் கெண்டை வகை விரலிகளை சென்ட்டுக்கு 20 என்ற கணக்கில் விடுங்கள். 40 என்பது தண்ணீரும் தீவனமும் கவனிப்பும் குறைவில்லாத குட்டைக்கு. வைகாசியில் 4 அடிக்குக் குறைந்துவிடும் என்றால் இப்போது விட வேண்டாம். ஐப்பசி மழைக்குப் பிறகு விட்டுக்கொள்ளலாம்.